ஃபில்தி: அழுக்கின் அளவா, அருவருப்பின் அளவா?

‘ஃபில்தி’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு அகராதியைப் புரட்டினால் முதல் வரியில் ‘மிகவும் அழுக்கான’ என்றிருக்கும். பொருள் சரிதான். அதை மட்டும் நம்பிப் போகிறவர் ‘ஃபில்தி ரிச்’ என்ற இடத்தில் தடுக்கி விழுவார். குளிக்காத பணக்காரர் யாரையும் அது குறிக்கவில்லை. ‘ஃபில்தி வெதர்’ என்றால் வானத்தில் அழுக்கில்லை. ‘ஃபில்தி லுக்’ என்றால் பார்ப்பவரின் கண்ணில் பீளையுமில்லை. இத்தனை இடங்களிலும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால் அதன் உள்ளிருப்பு தெரியவரும். ‘டர்ட்டி’ என்ற சொல் பொருளின் நிலையைச் சொல்கிறது. ‘ஃபில்தி’ அதோடு சேர்த்து, சொல்பவர் முகம் சுளித்ததையும் சொல்கிறது.

இரண்டுக்கும் உள்ள உறவை வெறும் அளவு வேறுபாடாக, அதாவது டர்ட்டி கொஞ்சம், ஃபில்தி நிறைய என்று பாடப்புத்தகங்கள் வரிசைப்படுத்துகின்றன. அளவு வேறுபாடு உண்டு. ஆனால் அளவை விட முக்கியமானது தீர்ப்பு. ஒரு நாள் போட்ட சட்டை டர்ட்டி. அதைத் துவைக்கும் கூடையில் போடுகிறோம், மனத்தில் எதுவும் எழுவதில்லை. பத்து நாள் வியர்வை ஊறி, காலரில் கறுப்பு வளையம் ஏறி, கையில் எடுக்கும்போதே முகத்தைத் திருப்ப வைக்கும் சட்டை ஃபில்தி. இரண்டாவது வாக்கியத்தில் சட்டையைப் பற்றிய செய்தியோடு, அதைப் போட்டிருந்தவரைப் பற்றிய குறையும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

சொல்லின் வேர்

இந்த அருவருப்பு பின்னால் வந்து சேர்ந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபூல்’ என்றொரு பெயரடை இருந்தது. அழுகிய, நாறுகிற என்று பொருள். இன்றைய ‘ஃபௌல்’ என்ற சொல் அதன் நேர் வாரிசு. அதோடு, பண்பைப் பெயராக்கும் ஒரு பின்னொட்டு சேர்ந்து ‘ஃபில்த்’ பிறந்தது. லாங் என்பதிலிருந்து லெங்த், ஸ்ட்ராங் என்பதிலிருந்து ஸ்ட்ரெங்த் வந்தது போன்ற அமைப்புத்தான். பின்னொட்டில் ஆதியில் இருந்த ஓர் இகரம், தனக்கு முன்னால் நின்ற ஊகாரத்தைத் தன் பக்கம் இழுத்ததால் உயிரொலி மாறியது. ஃபுட் என்பது ஃபீட் ஆனதும், மௌஸ் என்பது மைஸ் ஆனதும் இதே வகை இழுப்பால்தான். பிறகு ஃபில்த்தின் வாலில் ஒய் சேர்ந்து ஃபில்தி ஆயிற்று. ஹெல்த் – ஹெல்தி, வெல்த் – வெல்தி ஆகிய இணைகளை நினைவில் வைத்தால் இதையும் மறக்க முடியாது.

இன்னும் பின்னால் போனால், அழுகலைக் குறிக்கும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் நிற்கிறது. புண்ணில் வரும் சீழுக்கு ஆங்கிலம் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட ‘பஸ்’ என்ற சொல்லும், நாற்றமுடையது என்று பொருள்படும் சமஸ்கிருத ‘பூதி’யும் அதே குடும்பம். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் பகரமாக நிற்பது, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாக மாறியிருக்கிறது. ஆக, ஃபில்தி என்ற சொல்லின் அடியில் கிடப்பது மண்ணும் தூசியும் அல்ல, அழுகிய பொருளின் வாடை. கண்ணை விட மூக்குக்கு நெருக்கமான சொல் இது.

டர்ட்டியின் பூர்வீகம் இதைவிட மோசம். ஸ்காண்டிநேவியர் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘ட்ரிட்’ என்ற சொல்லுக்கு மலம் என்று பொருள். அது ஆங்கிலத்துக்கு வந்து, ரகரமும் உயிரொலியும் இடம் மாறி ‘டர்ட்’ ஆனது. தசை – சதை, விசிறி – சிவிறி என்று நம் இலக்கணம் காட்டும் மாற்றத்தைப் போன்றது. இன்று பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ என்ற சொல்லும் முன்பு ‘பிரிட்’ என்றுதான் இருந்தது. மலமாகத் தொடங்கிய டர்ட் நாளடைவில் தேய்ந்து வெறும் அழுக்கானது, அமெரிக்க ஆங்கிலத்தில் வெறும் மண்ணாகவும் ஆகிவிட்டது. அங்கே ‘டர்ட் ரோட்’ என்றால் மண் சாலை. அதை ‘அழுக்குச் சாலை’ என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும். அழுகலாகத் தொடங்கிய ஃபில்த் அந்த அளவுக்குத் தேயவில்லை. இன்றும் அது நெடியோடுதான் நிற்கிறது.

இதற்கு உறுதியான சான்று தொழில்நுட்ப மொழியில் கிடைக்கிறது. உணர்ச்சியில்லாத அடையாளச் சொல்லாக டர்ட்டியைப் பல துறைகள் எடுத்துக்கொண்டன. கணினி நினைவகத்தில் ஒரு பக்கத்தின் உள்ளடக்கம் மாறியிருந்து, வட்டிலுள்ள பிரதி இன்னும் மாறாமல் இருந்தால் அது ‘டர்ட்டி பேஜ்’. அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுப்பதற்கு முன் வட்டில் எழுதியாக வேண்டும். அதற்குள் மின்சாரம் போனால் மாற்றமும் போயிற்று. தரவுத்தளத்தில், இன்னும் உறுதி செய்யப்படாத ஒரு பரிவர்த்தனை எழுதிய மதிப்பை வேறொரு பரிவர்த்தனை படித்துவிடுவது ‘டர்ட்டி ரீட்’. முதல் பரிவர்த்தனை பின்வாங்கினால், இரண்டாவது படித்தது எந்நாளும் நிலைபெறாத ஒரு மதிப்பு. கதிரியக்கப் பொருளைச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சிதறடிக்கும் குண்டு ‘டர்ட்டி பாம்’. இவற்றில் எதிலும் ஃபில்தியை வைத்துப் பேச முடியாது. பொறியாளர் ஒருவர் நினைவகப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை அல்லவா?

மருத்துவமும் இதே காரணத்தால் ஃபில்தியைத் தள்ளி வைக்கிறது. கைச்சுத்தம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தலில் வரும் சொல் ‘விசிப்ளி சாயில்ட்’, அதாவது கண்ணுக்குத் தெரியும்படி அழுக்குப் பட்ட கை. அப்படியிருந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 வினாடிகள் கழுவ வேண்டும். இல்லையென்றால் ஆல்கஹால் கலந்த திரவத்தை 20 முதல் 30 வினாடிகள் தேய்த்தால் போதும். இரத்தமோ சளியோ மண்ணோ ஒட்டியிருக்கும்போது ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது, அழுக்கை அகற்றவும் செய்யாது. அதனால்தான் இரண்டு நிலைகளையும் பிரிக்க இப்படி ஒரு நிதானமான சொல் தேவைப்பட்டது. அங்கே ‘ஃபில்தி’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் சாக்கடையில் விட்ட கையை நினைத்துக்கொள்வார். ஒரு துளி இரத்தம் பட்ட கை விதிக்கு வெளியே போய்விடும். ‘கன்டாமினேட்டட்’ என்பது இன்னும் வேறு. பளிச்சென்று இருக்கும் கண்ணாடிக் குவளையில் கிருமி இருந்தால் அது கன்டாமினேட்டட், ஆனால் டர்ட்டி அல்ல.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

அழுக்குக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் எந்த அழுக்கு, எங்கே படிந்தது என்பதைப் பார்த்தே வரும். ‘கிரைமி’ என்பது புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து, நாள்பட்டுப் படலமாக ஏறிய அழுக்கு. சமையலறைச் சுவர், எஞ்சின், ஆலைக்குப் பக்கத்து ஜன்னல் இவற்றுக்குப் பொருந்தும். துணியால் ஒருமுறை துடைத்தால் போகாது, விரலால் இழுத்தால் கோடு விழும். ‘கிரப்பி’ சின்ன அளவு. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கை, பலர் தொட்ட புத்தகத்தின் ஓரம். இதில் கோபம் குறைவு, சில நேரம் செல்லம்கூட இருக்கும். ‘மக்கி’ என்பது சேறும் சாணமும். ‘ஸ்குவாலிட்’ பெரும்பாலும் இடத்துக்கே வரும்: வறுமையும் கவனிப்பின்மையும் சேர்ந்து வாழத் தகாததாக ஆகிவிட்ட இடம். ‘சார்டிட்’ லத்தீன் மொழியில் அழுக்கைக் குறித்த சொல்லின் வழி வந்தது என்றாலும் இன்று பெரும்பாலும் ஒழுக்கக் கேட்டுக்குத்தான். ‘சார்டிட் ஷர்ட்’ என்று யாரும் சொல்வதில்லை.

தனியாகக் கவனிக்க வேண்டியது ‘டிஞ்சி’. வெளிச்சமில்லாத, நிறம் மங்கிய, அழுதுவடிகிற அறைக்கு அது வரும். அழுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிறு படகைக் குறிக்கும் ‘டிங்கி’யோடு பலர் இதைக் குழப்புகிறார்கள். எழுத்தில் ஒரு ஹெச் கூடுதலாக உள்ள அந்தப் படகுச் சொல் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டுக்கும் உறவே இல்லை.

இந்தச் சொற்களில் எதையும் மிகைப்படுத்தி, சுளிப்போடு சொல்ல வேண்டுமென்றால் ஃபில்தியை எட்டிப் பிடிக்கலாம். எந்த வகை அழுக்கு என்பதை அது சொல்வதில்லை. சேறு படிந்த பூட்ஸும் ஃபில்தி, பிசுக்கேறிய அடுப்பும் ஃபில்தி, கழுவாத கழிப்பறையும் ஃபில்தி. ஆகவே துல்லியமாக வருணிக்க வேண்டிய இடத்தில் இது சோம்பேறிச் சொல். ‘அறை ஃபில்தியாக இருந்தது’ என்று எழுதினால் படிப்பவருக்கு எழுதியவரின் வெறுப்பு தெரியும், அறை தெரியாது. தரையில் என்ன ஒட்டியது, சுவரில் என்ன வழிந்தது என்று சொல்லிவிட்டு அதன் பிறகு இந்தச் சொல்லை வைத்தால் எடுபடும்.

தமிழில் எதை வைப்பது

ஆங்கில பைபிளில் இந்தச் சொல் வரும் இடங்களில் மூன்றைப் பார்த்தாலே ஒற்றை நிகர்ச்சொல் ஏன் போதாது என்பது விளங்கும். 1611இன் ஆங்கிலப் பதிப்பில் ஏசாயா 64:6இல் ‘ஃபில்தி ராக்ஸ்’ என்று வருவது, தமிழில் வழங்கும் வேதாகமத்தில் ‘அழுக்கான கந்தை’. தீத்து 1:11இல் ‘ஃபில்தி லூக்கர்’ என்று வருவது ‘இழிவான ஆதாயம்’. வெளிப்படுத்தல் 22:11இல் இதே பெயரடை வருமிடத்தில் ‘அசுத்தமாயிருக்கிறவன்’. துணிக்கு அழுக்கு, பணத்துக்கு இழிவு, மனிதனின் நிலைக்கு அசுத்தம். நல்ல மொழிபெயர்ப்பு பெயர்ச்சொல்லைப் பார்த்துத்தான் அடையைத் தேர்ந்தெடுக்கும். ‘ஃபில்தி லூக்கர்’ என்ற தொடர் டிண்டேல் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1526இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. மூலக் கிரேக்கத்தில் ‘வெட்கக்கேடான லாபம்’ என்று பொருள்படும் சொற்கள். லூக்கர் என்பது லாபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது, லாபகரமான என்னும் ‘லுக்ரட்டிவ்’ அதன் உறவு. இன்று அந்தத் தொடரைப் பணத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசும்போதும் சொல்கிறார்கள்.

அன்றாடப் பேச்சுக்கு வந்தால் தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘அசிங்கம்’. குப்பைத்தொட்டியும் அசிங்கம், கெட்ட வார்த்தையும் அசிங்கம், நாலு பேர் முன்னால் பட்ட அவமானமும் அசிங்கம். பொருளின் அழுக்கும் பார்ப்பவரின் கூச்சமும் ஒன்றாகக் கிடக்கும் அரிய சொல் அது. ‘நாறுதல்’ என்பதும் அப்படியே. ‘அவன் பேர் நாறிப்போச்சு’ என்றால் மூக்குக்கு அங்கே வேலையில்லை. அழுக்கை ஒழுக்கத்துக்கு நீட்டும் பழக்கம் நமக்குப் புதிதே அல்ல. பொறாமைக்கு அழுக்காறு என்று பெயர் வைத்த மொழி இது.

பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. முதலில் பெயர்ச்சொல்லைப் பாருங்கள், தண்ணீர் விட்டுக் கழுவக்கூடியதா என்று கேளுங்கள். கை, தரை, துணி, பாத்திரம் என்றால் நேர்ப்பொருள்: அழுக்கேறிய, பிசுக்குப் பிடித்த, அருவருப்பான. பேச்சு, நகைச்சுவை, எண்ணம் என்றால் ஆபாசம். ‘ஃபில்தி ஜோக்’ என்பதற்குப் ‘பச்சையான ஜோக்’ என்பது அப்படியே பொருந்தும் (இதே பொருளுக்கு ஆங்கிலம் நீல நிறத்தை எடுத்துக்கொண்டது, தமிழ் பச்சையை). ‘ஃபில்தி மைண்ட்’ வக்கிர புத்தி. ஏமாற்று, துரோகம், பொய் என்றால் கேவலமான, கேடுகெட்ட. மனநிலை என்றால் கோபம்: ‘ஃபில்தி மூட்’ உள்ளவர் எரிந்து விழுவார், ‘ஃபில்தி லுக்’ என்பது எரித்துவிடுவதைப் போன்ற பார்வை. வானிலை என்றால் வெளியே கால் வைக்க முடியாத மழையும் காற்றும். இது பிரிட்டிஷ் வழக்கு. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இன்னொருவர் மீது ஃபில்தியாக இருக்கிறார் என்றால் கடும் கோபத்தில் இருக்கிறார் என்றே பொருள்.

‘ஃபில்தி ரிச்’ தனி வகை. இங்கே ஃபில்தி பெயரடையாக நிற்கவில்லை, ரிச் என்ற பெயரடையை மிகுவிக்கிறது. ‘ஸ்டிங்கிங் ரிச்’ என்றும் சொல்வார்கள், அதிலும் நாற்றம்தான். பணம் அளவுக்கு மீறி இருப்பதில் ஒரு முகச்சுளிப்பும் சிறிது வயிற்றெரிச்சலும் கலந்த தொடர் இது. ‘பணத்தில் புரள்கிறான்’, ‘கொழுத்த பணக்காரன்’ என்றால் அந்தத் தொனி வந்துவிடும். ‘பெருஞ்செல்வந்தர்’ என்றால் மரியாதை ஏறிவிடும், தொனி போய்விடும். அந்தப் பணம் தவறான வழியில் வந்தது என்ற குற்றச்சாட்டு இதில் இல்லை. அதற்கு ‘டர்ட்டி மணி’ இருக்கிறது.

வாக்கியத்தில் வைக்கும்போது

ஃபில்தி ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் சொல். எக்ஸாஸ்டட், எனார்மஸ், ஃப்ரீசிங் போன்றவற்றின் இனம். ஆகவே முன்னால் ‘வெரி’ போட்டால் இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒலி தளர்ந்துபோகும். ‘வெரி டர்ட்டி’ சரி. ஃபில்திக்கு ‘அப்சல்யூட்லி’ அல்லது ‘அட்டர்லி’ என்பதே இயல்பு. ‘குவைட்’ என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘குவைட் டர்ட்டி’ என்றால் ஓரளவு அழுக்கு, ‘குவைட் ஃபில்தி’ என்றால் முழுக்க முழுக்க அழுக்கு. அடுத்து நிற்கும் சொல்லைப் பொறுத்து ஒரே சொல் தலைகீழாகிறது. ஒப்பீட்டு வடிவங்களுக்குத் தடையில்லை. ஒய் மாறி ஐ ஆகி ‘ஃபில்தியர்’, ‘ஃபில்தியஸ்ட்’ என வரும்.

பல அடைகள் அடுக்கி வரும்போது, தீர்ப்புச் சொல் முன்னால் நிற்கும் என்ற ஆங்கில மரபுப்படி இது தலைக்கே போகும்: ஃபில்தி, அடுத்து ஓல்ட், அடுத்து உல்லன், கடைசியில் பிளாங்கெட். ஓல்டை முன்னால் தள்ளினால் காதுக்கு உறுத்தும். பெயர்ச்சொல்லான ஃபில்த் எண்ணமுடியாதது. முன்னால் ‘ஏ’ வராது, பின்னால் எஸ் வராது. ஃபில்திலி என்ற வினையடை அகராதியில் உண்டு, பேச்சில் அபூர்வம்.

உச்சரிப்பில் இரண்டு இடங்கள் இடறும். முதல் ஒலி கீழுதடு மேற்பல்லைத் தொட்டுக் காற்றை விடுவது, பகரமாக்கினால் வேறு சொல்லாகக் கேட்கும். நடுவிலுள்ள ஒலி நம் தகரம் அல்ல. நாக்கு நுனியை மேற்பல் விளிம்பில் லேசாக வைத்து, தொண்டை அதிராமல் காற்றை மட்டும் வெளியேற்ற வேண்டும். லகரத்துக்கு அடுத்து இது வருவதால் நாக்கு பின்னுக்கே தங்கி ‘ஃபில்டி’ ஆகிவிடுவது வழக்கம். லகரத்தை முடித்ததும் நாக்கைப் பற்களுக்கு நகர்த்த ஒரு கணம் கொடுத்தால் சரியாகும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும்போது நேரும் பிழைகளில் முதலாவது, ‘வீடு குப்பையாகக் கிடக்கிறது’ என்பதை டர்ட்டி அல்லது ஃபில்தி ஆக்குவது. துணியும் புத்தகமும் இறைந்து கிடந்தால் ஆங்கிலத்தில் அது ‘மெஸ்ஸி’ அல்லது ‘அன்டைடி’. தூசியே இல்லாத வீடும் மெஸ்ஸியாக இருக்கலாம். ஃபில்தி என்று சொன்னால் அந்த வீட்டாரின் சுத்தத்தையே குறை சொன்னதாகும். அடுத்தது ‘டர்ட்டி ஃபெல்லோ’ என்று திட்டுவது. கேட்பவர் அதைக் குளிக்காதவன் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், காமவெறி பிடித்தவன் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கலங்கிய தண்ணீருக்கு ‘மடி’, ‘கிளவுடி’ என்று தனிச்சொற்கள் உண்டு. கையை அழுக்காக்கிக்கொள்வது என்ற தொடர் இன்னும் சிக்கல். ‘கெட் யுவர் ஹேண்ட்ஸ் டர்ட்டி’ என்றால் பல இடங்களில் பாராட்டு: மேலே நின்று ஏவாமல் தானே இறங்கி வேலை செய்வது. அதே சொற்கள் முறைகேட்டைப் பற்றிய பேச்சில் வந்தால் ‘கறை படிந்த கை’ ஆகும். சூழலைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் உழைப்பாளியைக் குற்றவாளியாக்கிவிடுவோம்.

மனிதர்களுக்கு முன்னால் இந்தப் பெயரடையை வைப்பதில் கடும் எச்சரிக்கை வேண்டும். தோட்டத்தில் புரண்டு வந்த பிள்ளையிடம் ‘உன் கை ஃபில்தி, போய்க் கழுவு’ என்று அம்மா சொல்லலாம். அங்கே ஃபில்தி நிற்பது கையின் மேல். ஓர் ஆளையோ, ஓர் இனத்தையோ, ஒரு தொழில் செய்பவர்களையோ ஃபில்தி என்றால் அழுக்கு கழுவினால் போவது என்ற பொருள் மறைந்து, அவர்களே அழுக்கு என்ற பொருள் வந்துவிடுகிறது. இனவெறிப் பேச்சில் இந்தச் சொல் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான். பிரிட்டிஷ் கொச்சையில் காவல்துறையை ‘த ஃபில்த்’ என்பதும் வசவுதான், பொது இடத்தில் சொல்லத்தக்கதல்ல.

இவ்வளவு கசப்பான சொல் இளைஞர் பேச்சில் பாராட்டாகவும் திரும்பியிருக்கிறது. கால்பந்தில் எதிரியைத் திணறடிக்கும் ஒரு நுணுக்கம், பேஸ்பாலில் மட்டையாளரை ஏமாற்றி வளையும் பந்து, நடன இசையில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் ஒலி இவையெல்லாம் ‘ஃபில்தி’. நம் பேச்சில் ‘பயங்கரமான ருசி’ என்கிறோம், ‘வெறித்தனமா ஆடினான்’ என்கிறோம். பயமும் வெறியும் புகழ்ச்சியான அதே பாதையில் அங்கே அருவருப்பும் போயிருக்கிறது. ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பந்தை ஃபில்தி என்று வர்ணனையாளர் சொன்னால், அடிக்க வாகாக வந்த படுமோசமான பந்தாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர், அந்தப் பந்துக்கு அடுத்து என்ன நடந்தது என்பதைப் படித்த பிறகே இந்தச் சொல்லுக்குத் தமிழ் எழுத வேண்டும்.